புது ஆர்பிஜி: ரீஃபண்ட் போடவா, பேட்ச் வரட்டும்னு விடவா?

மக்களே, ஒரு முடிவு சொல்லுங்க. போன வாரம் வந்த அன்ரியல் எஞ்சின் 5 (கேம் உருவாக்குற மென்பொருள்) ஆர்பிஜி, அதாவது ஒரு கதாபாத்திரமா ஆடுற கேம், பேர் வேண்டாம், ரசிகர்கள் சண்டைக்கு வருவாங்க. என் பிசி: சிபியூ ரைசன் 5 5600, ஜிபியூ (கிராஃபிக்ஸ் கார்டு) ஆர்டிஎக்ஸ் 3060, 16 ஜிபி ரேம், கேம் இருக்கறது எஸ்எஸ்டியில்.

காட்டுல 70 எஃப்பிஎஸ் (நொடிக்கு வர்ற ஃபிரேம்). சந்தைக்குள்ள நுழைஞ்சா 42. செட்டிங்ஸ் எல்லாத்தையும் லோவுக்கு இறக்கினாலும் அதே 42. ஜிபியூ 55 சதவீதத்தைத் தாண்டலை. முட்டுறது சிபியூ, கூட்டத்துல நடமாடுற ஆளுங்களோட கணக்கு. அதனாலதான் டிஎல்எஸ்எஸ் (சின்னதா வரைஞ்சு பெருசாக்கி ஜிபியூ சுமையைக் குறைக்கற வசதி) போட்டும் பிரயோஜனமில்ல.

ஃபைல் வெரிஃபை, டிரைவர் புதுசா, ஷேடர் கேஷ் (ஜிபியூ காட்சி வரைய சேமிச்சு வெக்கற குட்டி புரோகிராம்கள்) அழிச்சு மறுபடி கம்பைல்: மூணும் ஆச்சு. புது இடத்துல வர்ற அரை நொடி உறைதல் இன்னும் போகல. டெவலப்பர் பதில்? "டிரைவரை அப்டேட் செய்யவும்." அட போங்கய்யா.

கேம் வாங்கின ஸ்டீம் கடை கணக்குல, ஆடின நேரம் 1 மணி 35 நிமிஷம் ஆயிடுச்சு. ஷேடர் கம்பைல், ஆரம்பத்துல கதாபாத்திரத்தோட மூக்கு நீளம் சரிபண்ணின நேரம் எல்லாம் இதுல சேர்த்தி. ரெண்டு மணி தாண்டினா ரீஃபண்ட் சந்தேகம்தான்.

ஐஎன்ஐ ஃபைல்ல (கேம் செட்டிங்ஸ் எழுதியிருக்கற ஃபைல்) கூட்டத்தைக் குறைக்க வழி உண்டா? 120 ஹெர்ட்ஸ் மானிட்டர்ல 40க்கு லாக் பண்ணினா சீரா ஓடுமா? இதே சிபியூ வெச்சிருக்கறவங்க சந்தையில எவ்வளவு வருதுன்னு சொல்லுங்க.