திகதி மாறிக்கொண்டே இருக்கும் உயர்தரப் பரீட்சைக்குத் தம்பியை எப்படித் தயார்படுத்துவது?

வினா: மட்டக்களப்பு மாவட்டத்து மண்டூரிலிருந்து ஓர் அக்கா

என் தம்பி தரம் 12 இல் உயிரியல் பிரிவில் படிக்கிறான். வாரத்தில் மூன்று நாள் பின்னேரம் சைக்கிளோடு பாதை எனப்படும் மிதவைப் படகில் ஏறி, வாவியைக் கடந்து, குருமண்வெளியில் இறங்கிக் களுவாஞ்சிக்குடிக்கு டியூஷனுக்குப் போய் வருகிறான். முன்பெல்லாம் உயர்தரம் என்றால் ஆகஸ்ட் மாதம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கொரோனாவால் 2020 இல் அது ஒக்டோபருக்குத் தள்ளிப்போனது. 2021 ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2022 பெப்ரவரியிலும், 2022 க்குரியது 2023 ஜனவரியிலும் நடந்தன. 2024 இல் நவம்பருக்கு வந்தபோது வெள்ளம் குறுக்கிட்டது. 2025 இல் டித்வா புயலால் பரீட்சை இடைநடுவில் நின்று, எஞ்சிய பாடங்களைப் பிள்ளைகள் 2026 ஜனவரியில் எழுதினார்கள். இப்போது பாடத்திட்டமே மாறப்போகிறது என்றும் பேசிக்கொள்கிறார்கள். கொழும்பில் ஒரு பாடசாலைக்கு மாற்றிவிடு என்கிறார் மாமா. அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியர், கல்முனை

மகள், முதலில் பாடத்திட்டப் பயத்தை விட்டுவிடுங்கள். 2026 இல் தொடங்கிய கல்விச் சீர்திருத்தம் தரம் 1 இலிருந்து மேலே வருவது. இப்போது தரம் 12 இல் இருக்கும் பிள்ளையின் பாடங்களை அது தொடாது.

கொழும்புக்கு மாற்றுவது பற்றி ஆழமாக யோசியுங்கள். பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பதினாறில் அடங்கும், கொழும்பு அடங்காது. மருத்துவத்துக்குக் கொழும்பு மாவட்ட வெட்டுப்புள்ளி, அதாவது அனுமதி கிடைக்கும் மிகக் குறைந்த இசட் புள்ளி, எங்கள் மாவட்டங்களைவிட உயர்ந்தே வருகிறது. ஒரு பிள்ளை எந்த மாவட்டத்துக்குரியவர் என்பதைப் பிறந்த ஊரை வைத்துப் பார்ப்பதில்லை. பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் படித்த பாடசாலையை வைத்தே பார்க்கிறார்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் அந்தப் பகுதியை மாமாவும் நீங்களும் சேர்ந்து வாசித்த பிறகு முடிவெடுங்கள்.

இனித் தயாரிப்பு. அனுமதிக்குப் பார்க்கப்படும் இசட் புள்ளி என்பது, ஒரு பாடத்தில் பிள்ளை எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தை எழுதியவர்களின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் (புள்ளிகள் சராசரியிலிருந்து பரந்திருக்கும் அளவால்) வகுப்பது. மூன்று பாடங்களினதும் சராசரிதான் இறுதியில் வருவது. உதாரணமாக, சராசரி 40, விலகல் 15 ஆக உள்ள பாடத்தில் 70 எடுத்தால் இசட் புள்ளி 2. சராசரி 55, விலகல் 10 ஆக இருந்தால் அதே 70 க்கு 1.5 தான். ஆகவே, பிடித்த பாடத்தில் மட்டும் உழைத்துவிட்டுக் கடினமான பாடத்தைத் தள்ளிவைக்கும் பிள்ளை பெரும்பாலும் அந்தக் கடினமான பாடத்தில்தான் இழக்கிறது.

நான் பல ஆண்டுகளாகக் கண்ட ஒரு குறையைச் சொல்கிறேன். நியமிப்புப் (titration) பரிசோதனை ஒன்றில், பினோல்ப்தலீன் காட்டி இட்ட அமிலத்துக்குள் அளவியிலிருந்து (burette) காரத்தைச் சேர்க்கும்போது முடிவுப் புள்ளியில் என்ன காணப்படும் என்று கேட்டால், நன்றாகப் படிக்கும் பிள்ளையும் “நிறம் மாறும்” என்று எழுதிவிட்டுப் போகும். எந்த நிறத்திலிருந்து எந்த நிறத்துக்கு என்று எழுதினால்தான் புள்ளி. நிறமற்ற கரைசல் இளஞ்சிவப்பாவதைத் தம்பி ஆய்வுகூடத்தில் கண்ணால் பார்த்திருப்பான், ஆனால் எழுதிப் பழகியிருக்க மாட்டான். பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளியிடும் திட்டத்தைப் பக்கத்தில் வைத்து, தன் விடையைத் தானே திருத்தப் பழக்குங்கள். பல்தேர்வு வினா 50 க்கும் இரண்டு மணித்தியாலம் என்பதால் ஒன்றுக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. மணிக்கூட்டை முன்னால் வைத்துத்தான் செய்ய வேண்டும்.

மறுமொழி 2: விஞ்ஞான பீட மாணவி, கிழக்குப் பல்கலைக்கழகம், வந்தாறுமூலை

அக்கா, 2024 இல் பரீட்சை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. வெள்ளத்தால் பரீட்சை நின்ற நாட்களில் எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை. போனில் சேமித்திருந்த குறிப்புகள் ஒன்றுக்கும் உதவவில்லை. கையால் எழுதி வைத்திருந்த ஒரு கொப்பிதான் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் துணை நின்றது. திகதி நம் கையில் இல்லாததால், மாரி தொடங்குமுன் பாடத்திட்டத்தை முடித்துவிடுவதையே இலக்காக வைக்கச் சொல்லுங்கள். திகதியைத் திணைக்கள அறிவித்தலில் மட்டும் பாருங்கள். மூன்று பாடங்களுக்கும் அப்பால் எழுதும் பொதுச் சாதாரண பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி தேவை என்பதையும் தம்பிக்கு ஞாபகப்படுத்துங்கள்.

வினா கேட்டவர்

சேர், தங்கச்சி, இருவருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். கைந்நூலைப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்றார். மூன்று டியூஷன் நாட்களில் ஒன்றை நிறுத்தி, அந்தப் பின்னேரம் வீட்டில் மணிக்கூடு வைத்து ஒரு கடந்தகால வினாத்தாளை எழுதத் தம்பி சம்மதித்திருக்கிறான். தரம் 12 இல் பாதிப் பாடமே முடிந்திருக்கும் நிலையில் முழு வினாத்தாளைக் கொடுப்பதா, முடிந்த அலகுகளின் வினாக்களை மட்டும் பிரித்துக் கொடுப்பதா?

மறுமொழி 1 எழுதிய ஆசிரியர்

முடிந்த அலகுகளை மட்டும் பிரித்துக் கொடுங்கள், மகள். தரம் 13 இன் இரண்டாம் தவணையில் முழுத் தாளுக்கு வரலாம். முதல் பத்து வினாத்தாள்களுக்குப் புள்ளி போடாதீர்கள். எந்த வசனத்துக்குப் புள்ளி போனது என்று மட்டும் சிவப்பு மையால் அவனே குறிக்கட்டும்.