டெசிபெல்லில் சராசரி எடுப்பது சரியா?

உட்லண்ட்ஸ்வாசி:
நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார்: "ஒரே வேஃபரை (சிப் செய்யும் சிலிக்கான் தட்டு) ஏஎஃப்எம்மில் (நுண்ணிய ஊசியால் பரப்பின் உயரத்தை அளக்கும் கருவி) ஒன்பது இடத்தில் ஸ்கேன் செய்யுங்கள். ஒவ்வொரு உயரப் படத்தின் பவர் ஸ்பெக்ட்ரத்தையும் (எந்த அதிர்வெண்ணில் மேடுபள்ளம் எவ்வளவு என்ற கணக்கு) டெசிபெல்லாக, அதாவது லாக் அளவாக மாற்றி, அப்புறம் சராசரி எடுங்கள்." படித்ததும் எரிச்சலாகிவிட்டது. புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் இதை நம்பிவிடுவார்கள். முதலில் சராசரி, பிறகுதான் லாக்.

ஜூரோங்தம்பி:
எழுதியது நான்தான் அண்ணே. ஒரு ஸ்கேனில் தூசி இருந்தால் போதும், உங்கள் சராசரியில் தூசியின் ஸ்பெக்ட்ரம்தான் தெரியும். லாக் எடுத்தால் அது அடங்கிவிடும். எட்டு வருஷமாக இப்படித்தான் செய்கிறேன், யாரும் குறை சொன்னதில்லை.

உட்லண்ட்ஸ்வாசி:
தூசி விழுந்த ஸ்கேனைத் தூக்கிப் போடு. அதற்காக மீதி எட்டையும் ஏன் கெடுக்கிறாய்? ஒழுங்கில்லாத பரப்பில் ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் பவர் தாறுமாறாக ஏறி இறங்கும். லாக் எடுத்தால் மேடு சுருங்கும், பள்ளம் ஆழமாகும். அதனால் டெசிபெல் சராசரி சுமார் 2.5 டெசிபெல் கீழே நிற்கும், அதாவது 0.56 மடங்கு. ஸ்பெக்ட்ரத்தை முழுக்கக் கூட்டினால் சொரசொரப்பு ஆர்க்யூவின் (சராசரி மட்டத்திலிருந்து உயரங்களின் ஆர்எம்எஸ் விலகல்) வர்க்கம் வரவேண்டும். உன் வழியில் 0.20 நானோமீட்டர் 0.15 பக்கம் போய்விடும்.

தேக்காகாப்பி:
ஒரு நிமிஷம். லாக் எடுப்பது வட்டச் சராசரிக்கு (ஸ்பெக்ட்ரத்தின் மையத்திலிருந்து ஒரே தூரத்தில் உள்ள புள்ளிகளை வளையம் வளையமாகச் சராசரி எடுப்பது) முன்னாலா, பின்னாலா? பின்னால் என்றால், நூற்றுக்கணக்கான புள்ளிகள் சேரும் வெளி வளையங்களில் அந்த 2.5 இறக்கமே இருக்காதே.

ஜூரோங்தம்பி:
எனக்கு வேண்டியது ஸ்பெக்ட்ரக் கோட்டின் சாய்வு. மொத்தமும் 2.5 இறங்கினால் சாய்வு மாறுமா? போன வருஷம் ஹான் விண்டோ (ஸ்பெக்ட்ரம் எடுக்குமுன் படத்தின் ஓரங்களை மெல்லத் தணிப்பது) பேச்சிலும் என்னை இப்படித்தான் மட்டம் தட்டினீர்கள்.

உட்லண்ட்ஸ்வாசி:
அன்றைக்கு நீ செய்தது தப்பு, அதனால் சொன்னேன். இரண்டு திசையிலும் ஹான் போட்டால் 9/64-ஆல் வகுக்கவேண்டும். நீ 3/8-ஆல் வகுத்தாய். சரி, 0.20 எப்படி 0.15 ஆனது? அதைச் சொல்.

புக்கித்தீமா:
பவர் ஸ்பெக்ட்ரம், பவர் ஸ்பெக்ட்ரம் என்றே எழுதுகிறீர்கள். திறன் நிறமாலை என்று எழுதக் கூடாதா?

ஜூரோங்தம்பி:
ஆற்றல் நிறமாலை என்றல்லவா சொல்வார்கள்?

புக்கித்தீமா:
ஆற்றல் என்றால் எனர்ஜி. பவருக்குத் திறன். இதுகூடத் தெரியாமல் எட்டு வருஷமா?

ஜூரோங்தம்பி:
தமிழ் வகுப்பு நடத்த வேறு இடம் பாருங்கள்.

உட்லண்ட்ஸ்வாசி:
பெயரை அப்புறம் பார்க்கலாம். தூசி இல்லாத எட்டு ஸ்கேனை இரண்டு வழியிலும் போட்டுப் பார். படத்தின் உயரங்களிலிருந்து நேராகக் கணக்கிட்ட ஆர்க்யூவோடு எது பொருந்துகிறது?

ஜூரோங்தம்பி:
இந்த வாரம் எனக்கு நைட் ஷிப்ட். பார்த்தாலும் என் ரிப்போர்ட்டை மாற்றப் போவதில்லை.

தேக்காகாப்பி:
வட்டச் சராசரிக்கு முன்னாலா, பின்னாலா?

உட்லண்ட்ஸ்வாசி:
0.20 எப்படி 0.15 ஆனது, தம்பி? இன்னும் பதில் வரவில்லை.