காங்கயம் காளைக்குப் படம் எங்கேயிருந்து எடுப்பது?

சென்னிமலைக்காரி:
வணக்கமுங்க. எங்கள் பக்கத்து மாடுகள், கிணறுகள், நோம்பிகள் பற்றி மூன்று வருடமாக எழுதி இணையத்தில் போடுகிறேன். போன வாரம் ஒரு புகைப்படக்காரரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. கூகுளில் தேடி நான் போட்டிருந்த மயிலை நிறக் காங்கயம் காளையின் படம் அவருடையதாம். எட்டாயிரம் ரூபாய் கேட்கிறார். கீழே "நன்றி: கூகுள்" என்று போட்டிருந்தேனே, போதாதா?

பயந்துபோய், இலவசப் படங்கள் கிடைக்கிற பிக்ஸபே தளத்தில் தேடினேன். இந்தியக் காளை என்று கேட்டால் காது தொங்குகிற கிர் மாடு வருகிறது. சரி, இலவசம்தானே என்று அதைப் போட்டேன். அரை மணி நேரத்தில் முத்தூர்க்காரர் ஒருவர், "ஏனுங்க அம்மிணி, இது நம்ம மாடா? காதைப் பாருங்க" என்று மானத்தை வாங்கிவிட்டார். நான் எங்கே போய்ப் படம் எடுப்பது?

பவானிக்கரை:
அக்கா, முதலில் அந்தப் புகைப்படக்காரரின் படத்தை உங்கள் பக்கத்திலிருந்து நீக்கிவிடுங்க. அப்புறம் அவருக்கு மரியாதையாக ஒரு பதில் போடுங்க. படம் அவருடையதுதான் என்பதற்கு மூலக் கோப்பைக் காட்டச் சொல்லலாம், தொகையைக் குறைத்துப் பேசலாம். ஆனால் பதிலே போடாமல் மட்டும் இருக்காதீங்க.

கூகுள் தரகன் மாதிரி. மாட்டைக் காட்டுவான், மாடு அவனுடையது இல்லை. 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி படத்தைப் பதிவு செய்ய வேண்டியதில்லை, மூலையில் பெயர் போட வேண்டியதும் இல்லை. எடுத்த நொடியிலேயே உரிமை வந்துவிடும். எடுத்தவர் உயிரோடு இருக்கிற வரைக்கும், அவர் இறந்த வருடத்துக்கு அடுத்த வருடத்திலிருந்து 60 வருடமும் அது நிற்கும்.

மற்றவர்களும் பயன்படுத்தலாம் என்று படங்களை ஏற்றி வைக்கிற விக்கிமீடியா பொதுவகம் என்ற தளத்தில் இனத்தின் பெயரைச் சொல்லித் தேடுங்க, கிர் மாட்டுத் தொல்லை வராது. ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் கீழே இருக்கிற உரிமத்தைப் படிக்க வேண்டும். சிசி என்பது கிரியேட்டிவ் காமன்ஸ், எடுத்தவரே மற்றவர்களுக்கு முன்கூட்டிக் கொடுத்துவிடுகிற அனுமதி; பின்னால் வருகிற எழுத்துகள்தான் நிபந்தனை. சிசி0 என்றால் கவலையே இல்லை. சிசி பை என்றால் எடுத்தவர் பெயர், படம் இருக்கிற பக்கம், உரிமம் மூன்றையும் போட வேண்டும். அதோடு எஸ்ஏ என்ற எழுத்துகளும் சேர்ந்திருந்தால், நீங்கள் அந்தப் படத்தை மாற்றி வெளியிடும்போது அதே உரிமத்தில்தான் விட வேண்டும். என்டி என்றால் மாற்றி வெளியிடவே கூடாது. என்சி என்றால் வியாபாரத்துக்கு ஆகாது. உங்கள் பக்கத்தில் விளம்பரம் ஓடுகிறதல்லவா, அதனால் என்சி படத்தை நான் தொடமாட்டேன்.

கூகுளிலும் கிரியேட்டிவ் காமன்ஸ் படங்களை மட்டும் வடிகட்டிப் பார்க்க வழி இருக்கிறது. ஆனாலும் மூலப் பக்கத்துக்குப் போய் ஒருமுறை பார்த்துவிடுங்க. திருடிய படத்தையே தன்னுடையது என்று ஏற்றி வைத்திருப்பவர்களும் உண்டு.

வெள்ளகோவில் மாமன்:
கைக்கெட்டும் தூரத்தில் மாட்டை வைத்துக்கொண்டு எதுக்கு அம்மிணி இத்தனை சட்டம்? ஞாயிற்றுக்கிழமை பழையகோட்டை மாட்டுத்தாவணிக்கு, அதான் மாட்டுச் சந்தைக்கு வா. மயிலை, செவலை, காரி என்று எல்லா நிறத்து மாடும் அங்கே நிற்கும். வெயில் ஏறுவதற்குள் வந்துவிடு, அப்புறம் திமில் நிழலில் முகமே தெரியாது. மாட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடு. கன்றுக்குட்டியை எடுத்தால் பார்த்து எழுது. நம்ம கன்று பிறக்கும்போது செந்நிறமாகத்தான் இருக்கும், ஆறு மாத வாக்கில்தான் நிறம் மாறும். அதைப் பார்த்து வேற இனம் என்று நினைத்துவிடாதே.

பவானிக்கரை:
மாமா சொல்வதுதான் சரி. ஒன்று மட்டும், உங்கள் அண்ணன் மகன் அவன் செல்போனில் எடுத்தால் படம் அவனுடையது. போடலாமா என்று வாட்ஸப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்க, அதுவே போதும்.

சென்னிமலைக்காரி:
மாமா, போய்விட்டு வந்துட்டேனுங்க. நாற்பது படம் எடுத்தேன், நாலுதான் தேறியது. புகைப்படக்காரரும் மன்னிப்புக் கேட்டதும் ஆயிரத்தைந்நூறுக்கு இறங்கினார், கொடுத்துவிட்டேன்.

இன்னொரு சந்தேகம். எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) ரேக்ளா வண்டியில் உட்கார்ந்திருக்கிற பழைய படம் ஒன்று வீட்டில் இருக்கிறது. பின்பக்கம் ஸ்டுடியோ முத்திரை. அந்த ஸ்டுடியோ மூடி ரொம்பக் காலம் ஆகிவிட்டது. யாரிடம் கேட்பது?

பவானிக்கரை:
நான் முதலில் சொன்ன பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் இதற்கு வழி இருக்கிறது. ஒருவர் கேட்டு, அதற்குக் கூலி கொடுத்து எடுக்கப்பட்ட படம் என்றால், வேறு மாதிரி பேசிக்கொள்ளாதவரை முதல் உரிமை எடுக்கச் சொன்னவருக்குத்தான். ஸ்டுடியோவுக்கு இல்லை. அப்புச்சிக்குப் பிறகு வாரிசுகளுக்கு வரும். அதனால் உங்கள் அம்மாவிடமும் மாமன்மாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போடுங்க.

சென்னிமலைக்காரி:
அம்மாவிடம் கேட்டேன். அப்புச்சி காசு கொடுக்கவில்லையாம். ஒரு மூட்டை கடலைக்காய் இறக்கிவிட்டு வந்தாராம்.

பவானிக்கரை:
கடலைக்காயும் கூலிதானுங்க அக்கா.