ஜூலை 19 பிரையன் மே, ஜூலை 20 சந்தானா: இருவருக்கும் ஒரே நிகழ்ச்சி, சில சந்தேகங்கள்

ஆறாம்தந்தி:

குவீன் குழுவோட கிட்டாரிஸ்ட் பிரையன் மே பிறந்தது 1947 ஜூலை 19. லத்தீன் ராக் கிட்டாரிஸ்ட் கார்லோஸ் சந்தானா மறுநாள், அதே வருஷம். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மணி நேர நிகழ்ச்சி திட்டம். வாசிப்பு 40 நிமிஷம், பேச்சு 20.

கைவசம் இருப்பது: மூணு சிங்கிள் காயில் பிக்கப் (தந்தியோட அதிர்வை மின்சாரமா மாத்தறது) உள்ள ஸ்ட்ராட் வகை கிட்டார், ரெண்டு ஹம்பக்கர் பிக்கப் உள்ள லெஸ் பால் வகை கிட்டார், ஒரு அகூஸ்டிக். 15 வாட் வால்வ் ஆம்ப் (எஃபெக்ட்ஸ் லூப் கிடையாது), சின்ன டிரான்சிஸ்டர் ஆம்ப் ஒண்ணு, டியூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ் (ஒலியை உடைக்கிற பெடல்), ரெண்டு அவுட்புட் உள்ள டிலே பெடல் (எதிரொலி தர்றது). கூட கீபோர்டு, டிரம்ஸ், பேஸ்.

சந்தேகங்கள்:

1. மே தன்னோட கிட்டார்ல பிரிட்ஜ், மிடில் ரெண்டு பிக்கப்பையும் சேர்த்துத்தான் பெரும்பாலும் வாசிப்பார். ஸ்ட்ராட்ல அதே ரெண்டையும் போட்டா சத்தம் மெலிசா, கண்ணாடி மாதிரி வருது. ஏன்?

2. குவீனோட "பிரைட்டன் ராக்" பாட்டுல மேயோட சோலோல வர்ற எதிரொலி அடுக்கு. டிலேயைப் போட்டா எல்லாம் சேறாகக் கலங்குது.

3. சந்தானாவோட நீண்ட ஸ்வரம், கூடம் சின்னது, சத்தம் அதிகம் வைக்க முடியாது.

4. நடுவுல என்ன பேசலாம்? விருதுப் பட்டியல் வாசிக்க விருப்பமில்லை.

மரத்தூள்:

முதல் கேள்விக்கான பதில் வயரிங்கில் இருக்கிறது. ஸ்ட்ராட்டில் இரண்டு பிக்கப்பைச் சேர்க்கும்போது அவை பக்க இணைப்பில் சேர்கின்றன. மே தானே செய்த ரெட் ஸ்பெஷல் கிட்டாரில் மூன்று பர்ன்ஸ் ட்ரை-சோனிக் பிக்கப்புகளும் தொடர் இணைப்பில் இருக்கின்றன. தொடரில் சேர்த்தால் அவுட்புட் ஏறும், நடு அலைவரிசை தடிக்கும், உச்சம் கொஞ்சம் மழுங்கும். அதனால் மே பாட்டுகளுக்கு ஸ்ட்ராட்டை ஒதுக்கிவிட்டு ஹம்பக்கர் கிட்டாரையே எடுங்கள். ஹம்பக்கர் என்பதே இரண்டு காயில்களைத் தொடரில் கோத்ததுதான். பிரிட்ஜ் ஹம்பக்கர், கிட்டார் வால்யூம் 7, டோன் 10. அச்சு அசலாக வராது. ஆனால் ஸ்ட்ராட்டை விட எவ்வளவோ நெருக்கம்.

மேயின் ஆம்ப் வாக்ஸ் ஏசி30, நார்மல் சேனல், முழு வால்யூம். அதற்கு முன்னால் ஒரு ட்ரெபிள் பூஸ்டர். பெயரைக் கேட்டால் கீச்சென்று இருக்கும் என்று தோன்றும். அதன் உண்மையான வேலை, ஆம்புக்குள் போகும் முன்பே அடிநாதத்தைக் குறைப்பது. இல்லையென்றால் முழுதாகத் திறந்த ஆம்பில் கீழ்த்தந்திகள் தொளதொளவென்று உடையும். உங்கள் டியூப் ஸ்க்ரீமர் வகையும் அடிநாதத்தை வெட்டி நடுப்பகுதியைத் தூக்குவதுதான், எனவே அது போதும்: டிரைவ் 0, லெவல் முக்கால், டோன் பாதிக்குச் சற்று மேல். உடைசல் ஆம்பிலிருந்து வரட்டும். கிளீன் வேண்டுமானால் பெடலை அணைக்காமல் கிட்டார் வால்யூமை 3க்கு இறக்குங்கள். அவரும் அப்படித்தான் செய்கிறார்.

பிக்குக்குப் பதில் பழைய ஆறு பென்ஸ் நாணயத்தை அவர் பயன்படுத்துவது எல்லோருக்கும் தெரியும். நாணயம் கிடைத்தவுடன் பலர் செய்யும் தப்பு, அதை இறுக்கிப் பிடிப்பது. நாணயம் வளையாது, விரல்தான் வளைய வேண்டும். தளர்வாகப் பிடித்து, நாணயத்தைத் தந்திக்குச் சற்றுச் சாய்வாக வையுங்கள். விளிம்பில் இருக்கும் வரிவரியான வெட்டு தந்தியில் உரசும்போது வரும் சின்னக் கரகரப்புதான் அந்த உச்சரிப்பு. வழுவழு விளிம்புள்ள நாணயத்தில் அது வராது. தந்தி மெல்லியதாக இருக்கட்டும், 9 முதல் 42 வரை (தந்தியின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில்) உள்ள செட் சரி.

பேச்சுக்கு ரெட் ஸ்பெஷல் கிட்டார் ஒன்றே போதும். 1963 ஆகஸ்டில் பள்ளி மாணவனான மேயும் அப்பா ஹரால்டும் வீட்டிலேயே செய்யத் தொடங்கினார்கள், முடிக்க ஏறத்தாழ இரண்டு வருடம். கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் மகோகனி மரம். ஃப்ரெட் குறிகள் முத்துச்சிப்பிப் பொத்தான்கள். டிரெமலோவின் (ஸ்வரத்தை ஏற்றி இறக்கும் கைப்பிடி அமைப்பு) பாலம் கத்திமுனை போன்ற விளிம்பில் அசைகிறது, அதை இழுத்துப் பிடிப்பவை பழைய மோட்டார் சைக்கிளின் வால்வ் ஸ்பிரிங்குகள். டிரெமலோ கைப்பிடியின் நுனி, பின்னல் ஊசி. 24 ஃப்ரெட், 24 அங்குல ஸ்கேல். அரை நூற்றாண்டுக்கு மேலாக மேடையில் அவருடைய பிரதான வாத்தியம் இதுதான். படங்களைத் திரையில் போட்டு ஐந்து நிமிடம் பேசினால் யாரும் எழுந்து போக மாட்டார்கள்.

டோரியன்:

சந்தானாவுக்கு வர்றேன். ரெண்டு பாட்டு போதும்: "ஓயே கோமோ வா", "சம்பா பா தி". ரெண்டுமே 1970ல் வந்த அப்ராக்சஸ் ஆல்பம்.

"ஓயே கோமோ வா"ல பெரும்பாலானவங்க தடுக்கி விழுற இடம் ஒண்ணு. கார்டு ரெண்டுதான், ஏ மைனர் 7, டி 9. ஏ மைனர்னு பார்த்ததும் நேச்சுரல் மைனர் ஸ்கேலை எடுத்துடுவாங்க. அதுல எஃப் இருக்கு. டி கார்டுக்குள்ள எஃப் ஷார்ப் இருக்கு. ரெண்டும் மோதும். நம்ம பாஷையில சொன்னா, வாசிக்க வேண்டியது கரகரப்பிரியா, வாசிக்கிறது நடபைரவி. சுத்த தைவதத்தைத் தூக்கிட்டு சதுஸ்ருதி தைவதம் போட்டா முடிஞ்சது.

டிரம்மர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, 2லயும் 4லயும் ஸ்னேரைப் போட்டு அடிச்சா பாட்டு செத்துடும். இது சா-சா-சா, கியூபா நடனத் தாளம். கௌபெல்லில் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் நேரா ஒரு தட்டு, ஸ்னேருக்குப் பதில் விளிம்புத் தட்டு, கோங்கா இல்லைன்னா டாம்ல அந்த நடை. கீபோர்டு ஆர்கன் சத்தத்துல ரிஃப்பை (திரும்பத் திரும்ப வர்ற சின்ன வரி) வாசிக்கணும். ஆர்கன் இல்லாம கிட்டார் மட்டும் வாசிச்சா பாதிப் பாட்டுதான்.

இப்ப நீண்ட ஸ்வரம். சந்தானா ஆரம்பத்துல வாசிச்சது கிப்சன் எஸ்ஜி, அப்புறம் யமஹா, பிறகு பிஆர்எஸ். கிட்டார் மாறினாலும் அந்த நீட்சி மாறலை. ஸ்பீக்கர்லேர்ந்து வர்ற காத்து தந்தியைத் திரும்ப ஆட்டுது, அதான் விஷயம். எங்கே நிக்கறோம்கறது முக்கியம். முதல் தந்தி 5ஆம் ஃப்ரெட்ல இருக்கற ஏ, 440 ஹெர்ட்ஸ். காத்துல அதோட அலைநீளம் சுமார் 78 செ.மீ. அதுல பாதி, அதாவது 39 செ.மீ. நகர்ந்தா, தூக்கிவிட்ட அலை அமுக்கற அலையா மாறிடும். ஒரு எட்டுகூட வேண்டாம், ஸ்வரம் செத்துடும். அதனாலதான் சந்தானா ஒத்திகையில எந்த ஸ்வரம் எங்க நின்னா பாடுதுன்னு தரையில குறி போட்டுப்பார். நீங்களும் டேப் ஒட்டுங்க. முழு ஸ்கேலுக்கும் தேட வேண்டாம், "சம்பா பா தி"ல நீட்டி நிறுத்தற ரெண்டு ஸ்வரத்துக்கு மட்டும் இடம் கண்டுபிடிங்க.

சின்னக் கூடம்னா ஹெட்ஸ்டாக்கை ஆம்ப் பெட்டி மேல லேசா சாய்ச்சுப் பாருங்க. பெட்டியோட அதிர்வு நேரா கழுத்து வழியா தந்திக்குப் போகும், கம்மி சத்தத்துலயே நீளும். நெக் ஹம்பக்கர், டோன் 6. மத்தத் தந்திகளை உள்ளங்கையால அமுக்கி வைக்கணும், இல்லைன்னா வேற எதோ தந்தி பாட ஆரம்பிச்சுடும். கீச்சுன்னு வந்தா எல்லாத் தந்தியையும் அமுக்குங்க. அப்பவும் நிக்கலைன்னா அது தந்தி இல்லை, பிக்கப்பே மைக் மாதிரி வேலை செய்யுது. கெயினைக் குறைச்சு, பின்னால போங்க.

பேச்சுக்கு: தன்னோட முதல் ஆல்பம் கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே 1969 ஆகஸ்ட்ல உட்ஸ்டாக் மேடையில நின்னவர். "ஓயே கோமோ வா" டிட்டோ புயென்டேவோடது, "பிளாக் மேஜிக் வுமன்" பீட்டர் கிரீனோடது. அடுத்தவர் பாட்டை வாசிச்சும் ரெண்டு ஸ்வரத்துல ஆளைக் கண்டுபிடிச்சுடலாம். மூலத்தை ஒரு நிமிஷம் போட்டுக் காட்டிட்டு உடனே வாசிங்க. விருது பேசியே ஆகணும்னா 1999ல வந்த சூப்பர்நேச்சுரல் ஆல்பத்தை ஒரு வரியில முடிச்சுடுங்க.

இரண்டாம்எதிரொலி:

டிலே கலங்குவதற்கு விடை யாரும் தரவில்லை. மரத்தூள் சொன்ன "டிரைவ் 0, உடைசல் ஆம்பில்" என்பது மற்ற பாட்டுகளுக்குச் சரி, இந்தப் பகுதிக்கு ஒத்துவராது.

டிலேக்குப் பிறகு ஆம்பில் உடைசல் வந்தால், நேர் ஒலியும் எதிரொலியும் ஒரே வால்வில் சேர்ந்து உடைகின்றன. இரண்டு ஸ்வரம் ஒன்றாக உடையும்போது இரண்டிலும் இல்லாத புதிய ஒலிகள் பிறக்கும். அதுதான் சேறு. மே ஒவ்வொரு எதிரொலியையும் தனி ஆம்புக்கு அனுப்பித்தான் இதைத் தவிர்த்தார்.

உங்களுக்கு வழி: ஓவர்டிரைவ் முதலில், டிலே அடுத்து. ஓவர்டிரைவில் டிரைவைப் பாதிக்கு மேல் ஏற்றி, வால்வ் ஆம்பைக் கிளீன் பக்கம் இறக்குங்கள். டிலேயின் ஒரு அவுட்டில் நேர் ஒலி, வால்வ் ஆம்புக்கு. மறு அவுட்டில் எதிரொலி மட்டும், டிரான்சிஸ்டர் ஆம்புக்கு. நிறையப் பெடல்களில் இரண்டு ஜாக்கையும் சொருகினால்தான் இப்படிப் பிரியும், சிலவற்றில் அதற்கென்று ஒரு சுவிட்ச் இருக்கும். ஆம்புகளை மேடையின் இரு ஓரத்தில் வையுங்கள். நேரம் 800 மில்லிவினாடி, ஃபீட்பேக் (எதிரொலி எத்தனை முறை திரும்ப வரும் என்பது) முழுக்கக் குறைத்து, ஒரே ஒரு எதிரொலி. எதிரொலி நேர் ஒலிக்குச் சமமான சத்தத்தில் வர வேண்டும்.

800 மில்லிவினாடி என்றால் மெட்ரோனோமில் 75. காலால் தட்டிக்கொண்டே வாசியுங்கள். ஸ, ரி, க என்று அடுத்தடுத்துப் போனால் ஸ எதிரொலிக்கும்போது ரி மேலே விழுந்து உரசும். ஸ, க, ப, க என்று தாண்டித் தாண்டிப் போங்கள், தானாக ஹார்மனி அமையும். மே இரண்டு எதிரொலி வைத்து மூன்று குரல் கட்டினார், உங்களுக்கு இரண்டு குரல். முழு "பிரைட்டன் ராக்" வேண்டாம், இந்த உத்தியை மட்டும் மூன்று நிமிடம் வாசியுங்கள்.

இரண்டு ஆம்பும் டிலே வழியாக இணைந்ததும் ஹம் வரலாம். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகுங்கள். எர்த் பின்னைக் கழற்றுவது சிலர் சொல்லும் வைத்தியம். ஷாக் அடித்து ஆளே போகலாம், செய்யாதீர்கள்.

ஆறாம்தந்தி:

நன்றி. வயரிங் விஷயம் இப்பத்தான் புரியுது. அகூஸ்டிக்ல "'39" வச்சுக்கலாமா?

மரத்தூள்:

கட்டாயம். 1975ல் வந்த எ நைட் அட் தி ஓபரா ஆல்பத்தில் மே எழுதி, அவரே முன்குரல் பாடியது. விண்வெளிக்குப் போனவர்களுக்கு ஒரு வருடம், பூமியில் நூறு வருடம் கடந்துபோவதைப் பற்றியது. எழுபதுகளில் குவீனுக்காக அவர் கிடப்பில் போட்ட வானியற்பியல் முனைவர் ஆய்வை 2007ல் இம்பீரியல் கல்லூரியில் முடித்ததை இந்தப் பாட்டுக்கு முன்னால் சொல்லுங்கள். இதற்கு முன் "வீ வில் ராக் யூ" வைத்தால் கிட்டாரிஸ்ட் கடைசிவரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம், அதுவரை கால்மிதியும் கைத்தட்டலும்தான். அந்த இடைவெளியில் ஓவர்டிரைவின் டிரைவைத் திரும்ப 0க்குக் கொண்டுவாருங்கள். எதிரொலிப் பகுதி முடிந்ததும் அதை மறப்பது சகஜம், அடுத்த பாட்டு மொத்தமும் கொழகொழவென்று போகும்.

டோரியன்:

அடுத்தது ஏப்ரல் 14, டீப் பர்பிள் கிட்டாரிஸ்ட் ரிச்சி பிளாக்மோர், பிறந்தது 1945. "ஸ்மோக் ஆன் தி வாட்டர்" ரிஃப்பை இப்பவே திருத்திக்குங்க. 6, 5ஆம் தந்தியில பவர் கார்டு இல்லை அது. 4, 3ஆம் தந்திகள், திறந்த தந்தியில ஆரம்பிச்சு 3, 5ஆம் ஃப்ரெட், ரெண்டு தந்தியையும் விரலால ஒரே நேரத்துல பறிக்கணும். பிக்கால இழுத்தா ஒண்ணு முன்னாடி, ஒண்ணு பின்னாடி வரும்.