ஏர்வாடியிலிருந்து திரும்பி வந்த அண்ணன்

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருந்தார். பெயர் வேண்டாம். லேத் பட்டறையில் நல்ல வேலைக்காரர். திடீரென்று தூக்கம் போய், யாரோ கூப்பிடுவதாகச் சொல்லி நடுராத்திரியில் எழுந்து ஓட ஆரம்பித்தார். அவர் அம்மா கோயில் குளமெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் ராமநாதபுரம் பக்கம் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருக்கும் ஒரு காப்பகத்தில் விட்டுவிட்டு வந்தார், மாசாமாசம் மணியார்டர் அனுப்பிக்கொண்டு.

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை அதே ஊரில் வேறொரு காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிக் கிடந்த 28 பேர் செத்துப்போனார்கள். 13ஆம் தேதிக்குள் அந்த மாதிரிக் காப்பகங்களை எல்லாம் மூடிவிட்டார்கள். 500 பேருக்கு மேல் அரசின் பொறுப்பில் போனார்கள், அண்ணனை அவர் அம்மாவே போய்க் கூட்டி வந்துவிட்டார். மூடியது சரிதான், மனுஷனை மாடு மாதிரிக் கட்டிவைக்கிற இடம் ஒருநாள்கூட இருந்திருக்கக் கூடாது. ஆனால் வீட்டுக்கு வந்தவருக்கு எந்த மாத்திரை, எத்தனை நாளைக்கு, தீர்ந்தால் எங்கே போய் நிற்பது என்று அந்த அம்மாவுக்குச் சொல்ல ஓர் ஆள் இல்லை.

காலில் சங்கிலி இல்லாவிட்டாலும் அவர் அரை அடிக்கு மேல் எடுத்துவைக்க மாட்டார். திண்ணையில் தூணை ஒட்டித்தான் படுப்பார், ஒரு காலைத் தூண் பக்கமாக நீட்டிக்கொண்டு. இரண்டு வருஷத்தில் அம்மா போய்ச் சேர்ந்தார், தம்பி வீட்டை விற்றார், அண்ணன் தெருவுக்கு வந்தார். அப்புறம் ஒருநாள் புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன், அங்கேயும் தூணோரம்தான். டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்தார், என்னைத் தெரியவில்லை. மறுவாரம் போனபோது ஆள் இல்லை. அன்றைக்கே வேறு ஏதாவது செய்திருக்கலாமே என்று இன்றும் அறுக்கிறது.

—

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் புதுச்சேரியில் நர்ஸ். நீங்கள் சொன்னது நம் ஊரில் மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவில் 1955இல் அரசு மனநல மருத்துவமனைகளில் ஐந்தரை லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். 1963இல் அதிபர் கென்னடி, ஊருக்கு ஊர் சிகிச்சை மையம் வரும் என்று சட்டம் போட்டார். படுக்கைகளைக் குறைத்த வேகத்தில் மையங்களைக் கட்டவில்லை, வாடகையும் ஏறியது, போக்கிடம் இல்லாத பலர் தெருவிலும் சிறையிலும் போய்ச் சேர்ந்தார்கள். நோய் மட்டும் ஒருவரைத் தெருவில் விடாது, அவருக்கென்று ஓர் அறையும் கேட்க ஓர் ஆளும் இல்லாததுதான் விடும்.

போன வருஷம் ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு அம்மா, வெயிலில் மூன்று புடவையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆவது பிரிவை அச்சடித்து எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷன் போனேன். இப்படித் திரிகிறவர்களைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது, காணாமல்போனவர் என்று எஃப்.ஐ.ஆர். போட்டு வீட்டாரைத் தேட வேண்டும் என்று அதில் இருக்கிறது. எஸ்.ஐ. நிதானமாகப் படித்தார், அன்று சாயந்திரமே சேர்த்துவிட்டார்கள்.

மூன்று வாரம் மாத்திரை சாப்பிட்ட பிறகு தன் ஊர்ப் பெயரைத் தானே சொன்னார். அக்கா மகன் வந்தார், காலில் விழுந்து அழுதார். "ஒத்த ரூம் சிஸ்டர், வயசுக்கு வந்த பொண்ணு ரெண்டு இருக்கு, சித்தியை எங்க வைப்பேன்?" என்றார். பொய் சொல்கிற முகமில்லை. மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் நடுவே தங்கிக்கொள்ள இடைநிலை இல்லங்களை அரசு ஏற்படுத்த வேண்டும் என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. இடம் கேட்டு எழுதிப்போட்டிருக்கிறோம். அந்த அம்மா இப்போதும் வார்டில்தான், காலையில் மற்றவர்களுக்குத் தலை பின்னிவிடுகிறார்.