புதுப்பிப்பு: மளிகை ஆர்டர் பின்வாசல் தெருவுக்கே போன பிரச்சினை தீர்ந்தது

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. காரைக்குடியில் அப்பத்தா வீட்டுக்கு ஆப்பில் மளிகை போட்டால், டெலிவரி தம்பி பூட்டிக் கிடக்கும் பின்வாசலில் போய் நிற்கிறார் என்று கேட்டிருந்தேன். செட்டிநாட்டு வீடுதானே, முகப்பு ஒரு தெரு, பின்கட்டு அடுத்த தெரு.

கதவு எண்ணைத் திருத்தியதில் பலனில்லை. மேப்பில் குறியைக் கையால் முகப்புக்கு இழுத்து வைக்கச் சொன்ன யோசனைதான் வேலை செய்தது. ஆனால் பழைய முகவரியிலேயே மாற்றினால் குறி மறுபடி பின்னால் போய்விடுகிறது. அதை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்த்தேன். குறிப்பில் ‘பச்சை கேட்’ என்று போட்டிருக்கிறேன். (திண்ணை என்று எழுதினால் தெருவில் எல்லா வீடும் அதுதான்.)

எதிர்பாராதது ஒன்று: இப்படிச் சுற்றி வரும் தூரத்துக்குத் தனியாகக் காசு கிடையாதாம், பெட்ரோல் தன் கைக்காசு என்றார் அந்தத் தம்பி. அப்பத்தா போனை எடுக்காமல் காக்க வைத்தாலும் அப்படித்தானாம். அப்புறம் என் நம்பரையும் குறிப்பில் சேர்த்துவிட்டேன்.