நாவலையும் படத்தையும் ஒப்பிடக் கற்பித்தல்: வகுப்பில் எது முதலில் வர வேண்டும்?

ரோஸ் ஹில் தமிழாசிரியர்:
நம் மொரீஷியஸின் மேல்நிலை வகுப்பில் நாவலையும் அதிலிருந்து எடுத்த படத்தையும் ஒப்பிடச் சொல்லும்போது, "படத்தில் விடுபட்டவை யாவை?" என்ற கேள்வியையே நாம் பெரும்பாலும் கேட்கிறோம். அதைக் கைவிட வேண்டும் என்பது என் கருத்து. 1950 முதல் 1954 வரை வாரத் தொடராக வந்து ஐந்து பாகங்களாக விரிந்த கல்கியின் "பொன்னியின் செல்வன்", 2022இலும் 2023இலும் இரண்டு படங்களானபோது பல விடுபட்டன. கந்தமாறனின் தங்கை மணிமேகலை படத்தில் இல்லை. சேந்தன் அமுதனின் பிறப்பு இரகசியமும் இல்லை. இவற்றை எழுதும் மாணவர் முழு மதிப்பெண் பெறுவார், ஆனால் எதையும் ஒப்பிட்டிருக்க மாட்டார்.

அதற்குப் பதிலாக ஓர் அத்தியாயத்தையும் ஒரு காட்சியையும் மட்டும் எடுத்துக்கொள்வோம். கடம்பூர் மாளிகையில் நள்ளிரவில் சிற்றரசர்கள் கூடிப் பேசுவதைக் கதையின் இளம் வீரன் வந்தியத்தேவன் மறைந்திருந்து கேட்கிறான். நாவலில் கல்கி நம்மை அவன் மனத்துக்குள் வைத்திருக்கிறார். அவனுடைய ஐயம், நண்பன் கந்தமாறனும் இதில் இருக்கிறானே என்ற வேதனை, மேலே என்ன செய்வது என்ற தடுமாற்றம் எல்லாம் நமக்குத் தெரிகின்றன. படத்தில் அந்த மனம் நடிகரின் கண்களிலும், ஒளி விழும் இடத்திலும், கேமரா யார் பக்கம் நிற்கிறது என்பதிலும் வெளிப்பட்டாக வேண்டும். "இந்த நொடியில் வந்தியத்தேவன் நினைப்பது உனக்கு எப்படித் தெரிந்தது?" என்று இரண்டுக்கும் ஒரே கேள்வியைக் கேட்டால், மாணவர் தாமாகவே சொல்லையும் காட்சியையும் கூர்ந்து பார்க்கத் தொடங்குவார்.

போர்ட் லூயி வாசகர்:
ஐயா, உங்கள் நோக்கத்தை மதிக்கிறேன், முறையை ஏற்க இயலவில்லை. கால வெள்ளத்தில் கற்பனை ஓடத்தில் ஏறி வருமாறு வாசகரை அழைத்துத்தான் கல்கி கதையைத் தொடங்குகிறார். ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வரும் இளைஞனை நாங்கள் ஒவ்வொருவரும் எங்கள் மனத்தில் ஒவ்வொரு விதமாக வரைந்துகொண்டோம். படம் பார்த்த பிள்ளைக்கு அந்த உரிமை போய்விடுகிறது. இனி அவனுக்கு வந்தியத்தேவன் ஒரே ஒரு நடிகர்தான். இதைவிடப் பெரிய கவலையும் எனக்கு உண்டு. நம் பிள்ளைகள் வீட்டில் பேசுவது கிரியோல். தமிழ் அவர்களுக்குப் பாடவேளையில் மட்டும் கிடைக்கும் மொழி. கிடைக்கும் சில பாடவேளைகளையும் படத்துக்குக் கொடுத்தால், அவர்கள் கீழே ஓடும் ஆங்கில வரிகளைப் படித்துவிட்டுத் தமிழைக் காதோடு விட்டுவிடுவார்கள். அப்படிப் பார்த்த படத்தை எந்த மொழியில் ஒப்பிடப்போகிறார்கள்?

காத்ர் போர்ன் ஆசிரியை:
நீங்கள் அஞ்சும் அதே காரணத்துக்காகத்தான், ஐயா, நான் படத்தை முதலில் வைக்கச் சொல்கிறேன். சின்னப் பழுவேட்டரையர், பெரிய பழுவேட்டரையர், பார்த்திபேந்திரன், கந்தமாறன் என்று பெயர்கள் அடுத்தடுத்து வரும்போது, எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை மூன்றாம் பக்கத்திலேயே கதையை இழந்துவிடுகிறது. யார் யாருக்கு உறவு, யார் யாருக்குப் பகை என்பது படத்தால் தெரிந்துவிட்டால், அதே பிள்ளை அத்தியாயத்தைத் துணிவோடு படிக்கிறது. கற்பனை பறிபோகும் என்கிறீர்கள். புத்தகத்தைத் திறக்கவே அஞ்சும் பிள்ளையிடம் பறிப்பதற்கு இன்னும் எதுவும் இல்லையே! முதலில் உள்ளே வரட்டும்.

ரோஸ் ஹில் தமிழாசிரியர்:
அம்மா, இங்கே உங்களோடும் நான் மாறுபடுகிறேன். முழுப் படத்தையும் முதலில் பார்த்தவர் அத்தியாயத்தைப் படிக்கும்போது, படத்தில் கண்டதைச் சரிபார்க்கத்தான் படிக்கிறார். உறவுமுறைகளைக் கரும்பலகையில் ஒரு வம்ச வரைபடமாக எழுதிக் காட்டினால் போதும். அதற்கு இரண்டரை மணிநேரப் படம் தேவையில்லை. அத்தியாயத்தை முதலில் வாய்விட்டுப் படிக்க வேண்டும். பிறகு அந்த ஒரு காட்சியை மட்டும், கீழ்வரிகளை நிறுத்திவிட்டு, இரண்டு முறை காட்ட வேண்டும். முதல் முறை ஒலி இல்லாமல், அடுத்த முறை ஒலியோடு. ஒலி இல்லாதபோது மாணவர் உடலசைவையும் ஒளியையும் கவனிப்பார்; ஒலி வந்ததும், கல்கியின் உரையாடலில் எந்தச் சொற்கள் நிலைத்தன, எவை சுருங்கின என்பது காதில் விழும். தமிழைத் தவிர்க்க அங்கே வழியே இல்லை.

மாற்றம் ஆழமாக நிகழும் எடுத்துக்காட்டும் வேண்டுமானால், பூமணியின் "வெக்கை" நாவலையும் அதிலிருந்து எடுத்து 2019இல் வெளிவந்த "அசுரன்" படத்தையும் வைத்துப் பாருங்கள். நாவல் பதினைந்து வயதுச் சிதம்பரத்தோடு நடக்கிறது. கொலை செய்துவிட்டு ஓடும் அவனும் தந்தையும் காட்டிலும் மேட்டிலும் மறைந்து திரியும் சில நாட்களே கதை. எதைத் தின்றார்கள், எங்கே படுத்தார்கள், எந்தச் செடி எங்கே இருந்தது என்பதையெல்லாம் பூமணி நிதானமாகச் சொல்கிறார். படமோ தந்தையை நடுவில் நிறுத்தி, அவருக்கு ஒரு கடந்த காலத்தையும் எரிந்துபோன குடிசைகளையும் கொடுத்து, படிப்பை மட்டும் யாராலும் பறிக்க முடியாது என்று மகனிடம் சொல்ல வைக்கிறது. இது யாருடைய கதை என்ற கேள்விக்கு நாவலும் படமும் வெவ்வேறு விடை தருகின்றன. "விடுபட்டவை யாவை?" என்று கேட்டால் இந்த வேறுபாடு அகப்படவே அகப்படாது.

போர்ட் லூயி வாசகர்:
"அசுரன்" பற்றி நீங்கள் சொன்னது எனக்கும் உடன்பாடே. ஆயினும் வெட்டும் குத்தும் நிறைந்த அந்தப் படத்தைப் பள்ளியில் காட்டப் பல பெற்றோர் இசைய மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. என் எதிர்ப்பின் வேர் இன்னும் இருக்கிறது. "வெக்கை"யின் அந்த நிதானம்தான் அதன் உயிர். இரவில் கண் விழித்துக் கிடக்கும் சிறுவனின் நேரம் வாசிப்பவரின் நேரமாகவே ஆகிவிடுகிறது. ஓர் அத்தியாயத்தை மட்டும் வெட்டியெடுத்துக் கொடுத்தால் அது எப்படித் தெரியும்? ஒப்பீடு என்ற பெயரில் நாவலை ஒரு காட்சியின் அளவுக்குச் சுருக்கிவிடுகிறீர்கள்.

மேல்நிலைத் தேர்வு முடித்த மாணவி:
வணக்கம். நான் இரண்டு முறைகளிலும் படித்திருக்கிறேன். படத்தை முழுவதும் பார்த்துவிட்டுப் படித்தபோது கட்டுரையில் கதைச் சுருக்கம்தான் எழுதினேன். ஒரு காட்சியை மட்டும் பார்த்தபோது, சொல்வதற்குத் தமிழ்ச் சொற்கள் போதவில்லை என்பதே சிக்கலாக இருந்தது. அண்மைக் காட்சி, பின்னணி இசை, கதைசொல்லி, நினைவோட்டம் போன்ற சொற்களை முன்பே சொல்லித் தந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

ரோஸ் ஹில் தமிழாசிரியர்:
மகளே, மிகத் தேவையான ஒன்றைச் சொன்னீர்கள். அந்தச் சொற்களை முதல் பாடவேளையிலேயே கொடுத்துவிட வேண்டும். வாசகர் ஐயா, உங்கள் கேள்வி நியாயமானது. முழு நாவலையும் படிக்க வைக்க முடிந்தால் அதுவே சிறப்பு. "வெக்கை" அளவில் சிறியது, விடுமுறையில் படிக்கக் கொடுக்கலாம். "பொன்னியின் செல்வ"னில் அது இயலாது. ஆனால் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானவை என்பதால், வேண்டிய அத்தியாயங்களோடு அவற்றுக்கு முன்னும் பின்னும் உள்ளவற்றையும் தடையின்றி அச்சிட்டுக் கொடுக்கலாம்.

போர்ட் லூயி வாசகர்:
முன்னும் பின்னும் சேர்த்து, படம் காட்டுவதற்கு முன்பே, வகுப்பில் முழுமையாக வாய்விட்டுப் படிப்பீர்கள் என்றால் கடம்பூர்க் காட்சி வரை நான் தடை சொல்லவில்லை. "வெக்கை"க்கு மட்டும் படம் வேண்டாம் என்பதே இன்னும் என் நிலை. அதைப் படித்து முடித்த மாணவரிடம், தந்தையின் பார்வையில் இதே இரவை ஒரு பக்கம் எழுதிவரச் சொல்லுங்கள்.